அணுமின் நிலையத்தில் ஒரு றிலே பழுதானால்

அணுமின் நிலையம் என்றதும் செர்னோபில், புக்குஷிமா என்ற பெயர்களும் வானளாவும் கொங்கிறீற் கட்டடங்களும்தான் எமக்கு நினைவில் வருகின்றன. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் அன்றாடம் கவலை கொடுப்பவை மிகச் சிறிய பொருட்கள்: ஒரு உருகி, ஒரு கம்பி, ஒரு கையில் பிடித்துவிடக்கூடிய ஒரு மின் றிலே. இவற்றில் ஒன்று பழுதானால் அதை என்ன செய்கிறார்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பொறியியலாளர் அல்லர். வணிகமாணிப் பட்டத்தோடு நாட்டைவிட்டு வந்து, வந்த இடத்தில் மற்றவர்களின் கணக்கை எழுதிப் பிழைத்தவர்கள். ஆனாலும் இந்த விடயத்தை வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகியது. பழுதான உதிரிப்பாகத்தைக் கையாள்வதில் பாதி மின்னியல், மறு பாதி கணக்கெழுதுதல். பொருள் பழுதாவது இயற்கை. அந்தப் பழுது எழுதப்படாமலும் சொல்லப்படாமலும் போவதே ஆபத்து.

எமக்கு ஏன் இந்தக் கதை?

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் உள்ள கூடங்குளம் பற்றித்தான் ஊரில் கேள்விப்பட்டிருந்தோம். புலம்பெயர்ந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. கனடா, பிரான்ஸ், பிரித்தானியா, சுவிற்சர்லாந்து என எம்மவர்கள் குடியேறிய நாடுகள் பலவற்றில் அணுமின் நிலையங்கள் இயங்குகின்றன. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் வீடு வாங்கிய எமது குடும்பங்கள் பிக்கறிங் அணுமின் நிலையத்துக்கு அருகிலேயே வாழ்கின்றன. 2015இல் பிக்கறிங், டார்லிங்டன் நிலையங்களைச் சுற்றிய 10 கிலோமீற்றருக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அயடின் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை, பிக்கறிங் நிலையத்தில் ஏதோ நடந்துவிட்டது என்ற அவசரச் செய்தி ஒன்ராறியோ முழுவதும் கைபேசிகளில் அலறியது. அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்ற திருத்தம் வருவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது.

அதைவிட நெருக்கமான காரணமும் உண்டு. எமது பிள்ளைகள் பொறியியல் படித்து இந்தத் துறைக்குள் போகிறார்கள். எம்மில் பலர் தொழிற்சாலைகளில் பொருத்துநராகவும், களஞ்சியப் பொறுப்பாளராகவும், தரப் பரிசோதகராகவும் வேலை செய்கிறார்கள். பழுதான பொருள் முதலில் கண்ணில் படுவது பெரிய முகாமையாளருக்கு அல்ல, இப்படியான ஒருவருக்குத்தான்.

றிலே செய்யும் வேலை

பழைய மோட்டார் வண்டிகளில் திரும்பும் விளக்கைப் போட்டால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஒரு சிறிய றிலேயின் சத்தம். உள்ளே இரும்பின்மேல் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று, ஒரு சிறு நெம்பு, ஒரு வில்லுச் சுருள், சில தொடுமுனைகள் இருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி நெம்பை இழுக்கும். மின்சாரம் நின்றால் வில்லுச் சுருள் நெம்பைப் பழைய இடத்துக்குத் தள்ளும். அந்த அசைவினால் வேறொரு மின்சுற்று திறக்கும் அல்லது மூடும். சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரியதை ஆளும் ஒரு ஆளி என்று சொன்னால் போதும்.

அணு உலையின் பாதுகாப்புத் தொகுதியில், குறிப்பாக 1970களிலும் 1980களிலும் கட்டிய நிலையங்களில், இவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் என்பவற்றை அளக்கும் கருவிகள் எல்லை மீறிய செய்தியை அனுப்பியதும் றிலேக்கள் அசைந்து உலையை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கவனிக்கலாம். மின்சாரம் நின்றால் ஆபத்து என்றுதான் நாம் நினைப்போம். உலையின் நிறுத்தச் சுற்றுகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக அமைக்கப்பட்டுள்ளன. றிலேக்களின் சுருளில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் உலையும் நிற்கும். அழுத்த நீர் உலைகளில் கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே பிடித்து வைத்திருப்பதே மின்காந்தம்தான். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் கோல்கள் தம் பாரத்தாலேயே உள்ளே விழுந்துவிடும். கம்பி அறுந்தாலும் உருகி எரிந்தாலும் முடிவு பாதுகாப்பாகவே இருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. எப்போதும் மின்சாரம் ஓடும் சுருள் எப்போதும் சூடாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் நெம்பு இழுபட்டபடியே நிற்கும். ஒருநாள் விட வேண்டிய நேரத்தில் அது ஒட்டிக்கொண்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே வெளியில் தெரியும். அவசரம் வரும்வரை அந்தப் பழுது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

ஒன்று பழுதென்றால் ஒன்றுதானா?

ஒரு றிலேயை மட்டும் நம்பி எவரும் உலை கட்டுவதில்லை. ஒரே அளவீட்டுக்கு மூன்று அல்லது நான்கு தனித்தனித் தடங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு 'நிறுத்து' என்றால் உலை நிற்கும். ஒரு தடம் பழுதானாலும் மற்றவை காப்பாற்றும் என்பது கணக்கு.

ஆனால் நான்கு தடங்களிலும் இருப்பவை ஒரே தொழிற்சாலையில், ஒரே மூலப்பொருளில், ஒரே ஆண்டில் செய்த றிலேக்களாக இருந்தால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். ஒன்றில் உள்ள குறை மற்றவற்றிலும் இருக்கலாம். பொறியியலாளர்கள் இதைப் பொதுக்காரணப் பழுது என்பார்கள். ஒரே முதலாளியிடம் கடன்பட்ட நான்கு பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்ற கதைபோன்றது இது. முதலாளி விழுந்தால் நான்கு பிணையும் சேர்ந்து விழும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எச்.எஃப்.ஏ. வகை றிலேக்கள் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க அணுமின் நிலையங்கள் பலவற்றின் பாதுகாப்புச் சுற்றுகளில் இவை பொருத்தப்பட்டிருந்தன. இவ்வகை றிலேக்களின் சுருள்கள் பழுதாவதுபற்றி அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணைக்குழு 1976இலேயே ஒரு அறிவித்தலை வெளியிட்டது. 1984 மார்ச்சில் மீண்டும் ஒன்று வந்தது. கம்பி சுற்றப்பட்டிருந்த நைலோன் மற்றும் லெக்சன் பிளாஸ்ரிக் உருளைகள், எப்போதும் மின்சாரம் ஓடும் இடங்களில் ஆண்டுக்கணக்கான சூட்டினால் சிதைந்து, நெம்பு சரியாக அசையாமல் போன சம்பவங்கள் பல இடங்களில் பதிவாகியிருந்தன. வேறு பொருளால் செய்த சுருள்கள் கொண்ட றிலேக்களுக்கு மாறுமாறும், மாற்றும்வரை கூடுதலாகச் சோதிக்குமாறும் நிலையங்கள் கேட்கப்பட்டன.

ஒரு நிலையத்தில் ஒரு றிலே சிக்கிக்கொண்டபோது அங்குள்ளவர் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டியிருந்தால் அவருடைய வேலை அன்றே முடிந்திருக்கும். ஆனால் வேறு மாநிலங்களில் அதே றிலேயோடு உலையை இயக்கியவர்களுக்கு எதுவும் தெரிந்திராது. அவர் எழுதி அனுப்பிய கடதாசிதான் பலரையும் எச்சரித்தது.

சேலெம் நிலையத்தின் இரண்டு நாட்கள்

எழுதியும் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் உள்ள சேலெம் நிலையம் சாட்சி. தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

1983 பெப்ரவரி 25 அன்று அதன் முதலாம் உலையில் நீர்மட்டம் குறைந்ததால் பாதுகாப்புச் சுற்று 'நிறுத்து' என்ற கட்டளையைச் சரியாகவே அனுப்பியது. கோல்களுக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய ஆளிகள் இரண்டு. ஒன்று திறந்தாலே போதும். இரண்டும் திறக்கவில்லை. இயக்குநர் அரை நிமிடத்துக்குள் கையால் நிறுத்தியதால் எவருக்கும் பாதிப்பில்லை.

அதற்குப் பின்னர் பழைய கணினிப் பதிவுகளைப் புரட்டியபோதுதான் மூன்று நாட்களுக்கு முன், பெப்ரவரி 22 அன்றும் இதுவே நடந்திருந்தது தெரியவந்தது. அன்றும் இயக்குநர் கையால் நிறுத்தியிருந்தார். உலை நின்றதைக் கண்டவர்கள் அது தானாகவே நின்றது என்று எண்ணிக்கொண்டு மறுபடி இயக்கிவிட்டார்கள். பதிவு கையில் இருந்தது. அதைச் சரியாக வாசித்தவர் இல்லை.

பழுது அந்த ஆளிகளோடு இணைந்த சிறு பாகமொன்றில் இருந்தது. அதுவும் றிலேயைப் போன்றதே: மின்சாரம் உள்ளவரை சுருள் பிடித்து வைத்திருக்கும், நின்றதும் வில்லுச் சுருள் ஆளியைத் தட்டிவிட வேண்டும். தேய்மானமும் போதிய மசகு இல்லாமையும் சேர்ந்து அதை அசையாமல் செய்துவிட்டன. அதைச் சுத்தம் செய்து மசகிடும் முறைபற்றித் தயாரிப்பாளரான வெஸ்டிங்ஹவுஸ் 1974இலேயே அறிவுறுத்தல் எழுதியிருந்தது. அது சேலெம் நிலையத்தின் பராமரிப்பு வேலைக்குள் வந்து சேரவில்லை.

கணக்காளர்களாகிய எம்மை உலுக்கியது இன்னொரு விடயம். உலையை நிறுத்துவதற்கே இருக்கும் அந்த ஆளிகள், நிலையத்தின் பாதுகாப்புச் சாதனப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதனால் அவற்றின் திருத்தவேலை, பாதுகாப்போடு தொடர்பில்லாத சாதாரண வேலையாகவே நடந்திருந்தது. பேரேட்டில் தலைப்பு மாறி விழுந்த ஒரு பதிவு என்று இதைச் சொல்லலாம். தொகை சரியாக இருக்கும், ஆனால் பார்க்க வேண்டியவர் அதைப் பார்க்கவே மாட்டார். நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எல்லா அமெரிக்க நிலையங்களுக்கும் கடிதம் போனது. சாதனங்களைச் சரியாக வகைப்படுத்துங்கள், தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்களைப் பெற்று நடைமுறைப்படுத்துங்கள், திருத்தியபின் சோதியுங்கள், உலை நின்றால் காரணத்தை ஆராய்ந்தபின்பே மீண்டும் இயக்குங்கள் என்பவை அதன் சாரம்.

பழுதான றிலேயைக் கையாளும் ஒழுங்கு

இப்படியான அனுபவங்களால் உறுதிப்பட்ட ஒழுங்கை நாம் விளங்கிக்கொண்டவரை சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, கண்டபடியே எழுதுதல். சோதனையின்போது றிலே சிக்கினால் அதைத் தட்டவோ, எண்ணெய் விடவோ, இன்னொருமுறை அழுத்திப் பார்க்கவோ முன்னர் அந்த நிலையை அப்படியே பதிய வேண்டும். ஒட்டியிருந்த நெம்பு ஒருமுறை அசைந்துவிட்டால் அடுத்தமுறை நன்றாகவே வேலை செய்யும். 'இப்போது சரி' என்று எழுதிவிட்டால் பழுது மறைந்துவிடும், ஆபத்து மறையாது.

இரண்டாவது, அந்தத் தடத்தை நம்பாதிருத்தல். பழுதான தடம் இயங்காதது என்று அறிவிக்கப்படும். விதியில் குறித்த நேரத்துக்குள் அதைத் திருத்த வேண்டும், அல்லது 'நிறுத்து' என்று சொல்லும் நிலையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மீதித் தடங்களில் ஒன்று எச்சரித்தாலே உலை நின்றுவிடும். மின் உற்பத்தி வீணாக நிற்கக்கூடும், ஆனால் பிழை பாதுகாப்பின் பக்கம் விழும்.

மூன்றாவது, பிரித்து வைத்தல். கழற்றிய றிலேயில் எங்கிருந்து, எப்போது, ஏன் கழற்றப்பட்டது, தொடர் இலக்கம் என்ன என்ற விபரங்களோடு அட்டை கட்டி, நல்ல பொருட்களிலிருந்து விலக்கிப் பூட்டி வைக்க வேண்டும். நல்லதும் கெட்டதும் ஒரே தட்டில் இருந்தால் அவசரத்தில் எந்தக் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, காரணம் காணுதல். பழுதான றிலே குப்பையல்ல, சாட்சிப் பொருள். அதைத் திறந்து சுருள் எரிந்ததா, பிளாஸ்ரிக் வெடித்ததா, தொடுமுனை கருகியதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, அதன் கூடப்பிறந்தவற்றைத் தேடுதல். அதே தொகுதியில் வந்த மற்றவை எங்கே பூட்டப்பட்டுள்ளன, களஞ்சியத்தில் எத்தனை மீதி உள்ளன? மாற்றுவதற்கு எடுத்த புதியதும் அதே தொகுதியா? களஞ்சிய இருப்பு அட்டை ஒழுங்காக இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பதில் கிடைக்கும். ஒரு பற்றுச்சீட்டில் பிழை கண்ட நல்ல கணக்காய்வாளர் அதை மட்டும் திருத்திவிட்டுப் போவதில்லை. அதே கையால் எழுதிய மற்றவற்றையும் கொண்டுவரச் சொல்வார்.

ஆறாவது, முடிவை எழுத்தில் எடுத்தல். ஏற்பதா, நிராகரிப்பதா, திருத்துவதா, மறுசீர் செய்வதா என்பதை எழுதப்பட்ட நடைமுறைப்படி ஆராய்ந்து தீர்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர உறுதி விதி. கழித்துவிடும் பொருளை மீண்டும் பாவிக்க முடியாதபடி அழித்துவிடுவதும் நல்லது. பழைய மின்துண்டிப்பு ஆளிகளைத் துடைத்து, புதியவை என்று விற்ற வியாபாரம் 1988இல் அமெரிக்காவில் வெளிவந்து, எல்லா நிலையங்களும் தமது இருப்பைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்

அமெரிக்காவில் இது நல்லெண்ணத்துக்கு விடப்படவில்லை. 1974ஆம் ஆண்டின் எரிசக்தி மறுசீரமைப்புச் சட்டத்தின்படி, பாரதூரமான பாதுகாப்புக் கேட்டை உண்டாக்கக்கூடிய குறையை அறிந்த நிறுவனம் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும். நிலையத்துக்கு மட்டுமன்றிப் பாகம் செய்துகொடுத்தவருக்கும் இக்கடமை உண்டு. குறை கண்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆராய்ந்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இடைக்கால அறிக்கை கொடுக்க வேண்டும். குறை உறுதியாகி, பொறுப்பான அதிகாரிக்குத் தகவல் கிடைத்தால் 2 நாட்களுக்குள் முதல் அறிவித்தலும் 30 நாட்களுக்குள் எழுத்து அறிக்கையும் போக வேண்டும். தெரிந்துகொண்டே மறைக்கும் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையிலும் தண்டம் உண்டு. கம்பனியின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது எமக்குப் பிடித்த பகுதி.

தென்கொரியாவின் பாடம்

கடதாசியே பொய்யானால் என்ன ஆகும்? 2012 நவம்பரில் தென்கொரியா இதற்கு விடை கண்டது. உருகிகள், ஆளிகள், குளிரூட்டும் விசிறிகள் போன்ற 7,682 பாகங்கள் போலித் தரச் சான்றிதழ்களோடு 2003 முதல் வழங்கப்பட்டிருந்தன. சான்றிதழ்கள் 60, வழங்கியவர்கள் எட்டு நிறுவனத்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாகங்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. யோங்வாங் நிலையத்தின் இரண்டு உலைகள் நிறுத்தப்பட்டன.

அடுத்த ஆண்டு, பெயர் சொல்லாத ஒருவரின் தகவலால் இன்னும் பாரதூரமானது வெளிவந்தது. விபத்து நேரத்தில் பாதுகாப்புத் தொகுதிக்குச் செய்தி கொண்டுசெல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகளின் சோதனை அறிக்கைகளே மாற்றி எழுதப்பட்டிருந்தன. சோதிக்க வேண்டிய நிறுவனமே அதைச் செய்திருந்தது. 2013 மே மாத இறுதியில் மேலும் உலைகளை நிறுத்த நேர்ந்தது. அக்கோடையில் ஒரு கட்டத்தில் நாட்டின் 23 உலைகளில் 10 இயங்கவில்லை. ஒக்ரோபரில் 100 பேர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. கட்டுமானத்தில் இருந்த ஒரு உலையின் கம்பிகளை மீண்டும் சோதித்தபோது அவை தேறவில்லை. அவற்றை முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. 'கடதாசிதானே பொய், பொருள் நல்லது' என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

ஒரு கடதாசியின் பெறுமதி அகதிகளாக வந்த எமக்கு நன்கு தெரியும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் உண்மையா என்று அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்த நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டோம். அதே கண்டிப்போடு ஒரு றிலேயின் சான்றிதழையும் யாரோ ஒருவர் பார்க்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் எமது வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

எமது சமூகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்த நாட்டில் வேலை போய்விடக்கூடாது என்ற பயத்தில், கண்டதையும் காணாதவர்போல் இருந்துவிடுவோம். 'எங்களுக்கேன் வீண் வில்லங்கம்' என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் கனடாவின் அணுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, ஆபத்துக் கூடுகிறது என்று நம்பும் தொழிலாளி அதைத் தன் மேற்பார்வையாளருக்கோ நிறுவனத்துக்கோ உடனே அறிவிப்பது கடமை. அரசின் பரிசோதகருக்குத் தகவல் கொடுத்தவரைத் தண்டிப்பது குற்றம். அமெரிக்காவிலும் இப்படியானவர்களைக் காக்கும் விதி உண்டு.

ஆகவே இத்துறையில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பழுதைக் கண்டால் கண்டபடியே எழுதுங்கள். திகதியும் தொடர் இலக்கமும் போடுங்கள். மேலாளர் 'பிறகு பார்ப்போம்' என்றால் அதையும் எழுதி ஒரு பிரதியை நிறுவனத்தின் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம், நீங்கள் ஒருபோதும் காணாத ஒரு ஊரின் நிலையத்தில் இன்னொரு றிலேயைத் தேடி எடுக்க உதவும்.